குளிர் ஊருக்கு வந்த டேபிள் ஃபேன்

லாட்ஜ்காரர்கள் வேண்டாமென்று கழித்துவிடுகிற சாமானை வாங்கி வைத்துக்கொண்டு, அதுவே வேண்டுமென்று கேட்டு ஒரு ஹாஸ்டல் பிள்ளை வரும்வரை காத்திருப்பதுதான் என் தொழில். சீசனுக்கு முன்னால் கொடைக்கானல் லாட்ஜுகளில் திரை மாறும், போர்வை மாறும், கண்ணாடி மாறும். பழசெல்லாம் மூஞ்சிக்கல்லில் இருக்கிற என் கடைக்கு வந்து சேரும். சீசன் முடிந்து காலேஜ் திறந்ததும் பிள்ளைகள் படியேறி வருவார்கள். கையில் காசு இருக்காது. செல்போனில் மட்டும் அரண்மனை மாதிரி ஒரு ரூம் படம் இருக்கும். "இதே மாதிரி வேணும், ஆனா கம்மியா வேணும்" என்பார்கள். நீங்களும் கடை வைத்திருந்தால், இல்லை ஒரு பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தவராக இருந்தால், நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும். ஒரே ஒரு ரூமுக்குச் சாமான் கொடுத்துவிட்டு நான் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஃபேனோடு வந்தவர்

ஜூன் மாதச் சாரலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். மலைக்குக் கீழே, பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறவர். பின்னாலேயே அவர் மகள் வளர்மதி, பல் தந்தியடிப்பதை மறைக்க வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவளை ஹாஸ்டலில் சேர்க்க வந்திருக்கிறார்கள். அவர் இரண்டு கையாலும் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். டேபிள் ஃபேன். புத்தம் புதுசு.

நான் சிரித்துவிட்டேன். தையல் மிஷினில் இருந்த என் சம்சாரம் பேச்சி எழுந்து வந்து பார்த்து, அவளும் சிரித்தாள். மனிதருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவர் வாளி பார்க்கப் போன நேரத்தில் மகள் மெதுவாக என்னிடம் வந்து, "ஐயா, அந்த ஃபேனை எடுத்துக்கிட்டு ஒரு நல்ல கம்பளி குடுங்களேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் ஃபேனை வாங்கிப் போட்டால் அது எனக்கு அப்புறமும் கடையிலேயே கெடக்கும். கம்பளியைத் தனியாகத்தான் வாங்கினார்கள்.

போகும்போது அவர் என்னிடம் பேசுகிற மாதிரி மகளுக்குச் சொன்னார். "பழனியில இல்லாத காலேஜாங்க? இவதான் இந்தப் படிப்பு, இந்த ஊருன்னு ஒத்தக்கால்ல நின்னா. பிள்ளை இருமுதுன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, வந்து சாமானைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருவேன்." வாசல் வரை போனவர், நான் சிரித்தது மனதில் உறுத்தியிருக்க வேண்டும், திரும்பி நின்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"குளிரு வரும், போகும். காத்து இல்லாம மனுசன் எப்படிங்க தூங்குறது?"

ஆணி அடிக்காமல் ஒரு வீடு

அந்த ஹாஸ்டலில் சட்டம் நிறைய. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஹீட்டர் கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடாது. ஆம்பிளை மாடி ஏறக் கூடாது. பெற்ற அப்பாவாகவே இருந்தாலும் சாமான் கொண்டுவந்து வைக்கிற அன்றைக்கு ஏறலாம், காலி பண்ணிக் கொண்டுபோகிற அன்றைக்கு ஏறலாம், அவ்வளவுதான். அதனால் நான் வாசல் கேட்டோடு சரி. திரைக்கு அளவெடுக்க, தைத்ததை மாட்ட எல்லாம் பேச்சிதான் உள்ளே போவாள். மாடியில் நடந்ததாக நான் சொல்வதெல்லாம் அவளும் பிள்ளைகளும் வந்து சொன்னதுதான்.

வளர்மதி ரூமில் கூட இருந்தவள் ரேவதி. பூம்பாறையில் பூண்டு போடுகிற குடும்பம். மேல்மலைப் பிள்ளை, குளிரெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. கடைக்கு வந்ததும் கண்ணாடி கேட்கவில்லை, திரை கேட்கவில்லை, நல்ல தடியான கயிறு கேட்டாள். லாட்ஜ் மொட்டைமாடியில் துணி காயப் போட்ட நைலான் கயிறு ஒரு பெரிய சுருள் என்னிடம் இருந்தது. வேண்டியதை வெட்டிக் கொடுத்தேன். சன்னல் கம்பியில் ஒரு முனை, எதிர்ச் சுவர் வென்டிலேட்டர் கம்பியில் ஒரு முனை. ஆணி இல்லாமல் ரூமுக்குக் குறுக்கே கட்டிவிட்டாள். திரைக்கு அளவெடுக்கப் போன பேச்சி, வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சீரியல் லைட்டு தொங்கவிடத்தான் கயிறுன்னு நெனச்சேன். பூண்டு தொங்குது, கொத்துக் கொத்தா."

அவர்கள் ஊர் வீடுகளில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பூண்டைத் தாளோடு தொங்கவிடுவார்கள். புகை பட்டுப் பட்டுக் கெடாமல் இருக்கும். ஹாஸ்டலில் அடுப்பு ஏது, புகை ஏது? வாடை தாங்காமல் வளர்மதி வேறு ரூம் கேட்கப் போகிறேன் என்று நின்றாள். "இது என்னம்மா அலங்காரம்?" என்று நான் ரேவதியிடம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"தலைக்கு மேல பூண்டு தொங்குனாத்தான் எனக்கு அது வீடுங்க ஐயா. இல்லாட்டி பஸ் ஸ்டாண்டுல படுத்த மாதிரி இருக்கும்."

கதவில் தொங்கின அட்டை

பழைய லாட்ஜ் சாமானோடு ஒரு பெட்டி நிறையக் கதவு அட்டைகள் வந்திருந்தன. கைப்பிடியில் மாட்டுகிறது. ஒரு பக்கம் 'தொந்தரவு செய்யாதீர்', மறுபக்கம் 'அறையைச் சுத்தம் செய்யவும்'. விலையில்லாத பொருள் என்பதால் கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கொடுத்தேன். வளர்மதியும் ரேவதியும் சண்டையெல்லாம் ஓய்ந்து சேர்ந்தே வந்து ஒன்றை வாங்கிப் போனார்கள். பூண்டைச் சன்னல் பக்கமாகத் தள்ளிக் கட்டுவது என்று அதற்குள் ராசியாகிவிட்டிருந்தது.

'தொந்தரவு செய்யாதீர்' என்று மாட்டிவிட்டு மத்தியானம் தூங்குவார்கள். எழுந்து பார்த்தால் அட்டை தினமும் மறுபக்கம் திரும்பியிருக்கும். எவளோ விளையாடுகிறாள் என்று சந்தேகப்பட்டு ஒருநாள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வந்து திருப்பினது வார்டன் அம்மா. திருப்பினதோடு நிற்காமல் உள்ளே எட்டிப் பார்த்தும் சொன்னாராம்.

"நானும் போகும்போதெல்லாம் சொல்லிட்டுத்தான் போறேன், நீங்க பெருக்குற பாட்டைக் காணோமே."

போர்வையில் இருந்த பெயர்

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளர்மதி கண்ணெல்லாம் சிவந்து கடைக்கு வந்தாள். கூடவே ரேவதி. என்ன நடந்தது என்றால், வீட்டோடு வீடியோவில் பேசும்போது என்னிடம் வாங்கின கம்பளியைப் போர்த்தியிருக்கிறாள். அதில் லாட்ஜ் பேர் சிவப்பு நூலில் பெரிசாக நெய்திருக்கும். லாட்ஜ் கம்பளியை யாரும் சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அப்படி நெய்வார்கள். எங்கள் கண்ணுக்கு அதெல்லாம் பழகிப் போனதால் தெரிவதே இல்லை. பாலசமுத்திரத்தில் தெரிந்துவிட்டது. "ஹாஸ்டல்னு சொல்லிட்டு நீ எந்த லாட்ஜுல கெடக்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார். வார்டன் அம்மா வந்து பேசி அவரை நம்ப வைத்திருக்கிறார். எல்லாம் சரியாகிப் போனை வைக்கிற நேரத்தில் இவள் இருமித் தொலைத்துவிட்டாள்.

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க. சொல்லாம வச்சதுதான் பயமா இருக்கு" என்றாள். "இப்ப திரும்பிப் போனா இந்த வருசம் எந்தக் காலேஜுலயும் சேர முடியாது. சும்மா வீட்டுல இருக்கிற பிள்ளைன்னா எங்க அத்தை தாம்பூலத் தட்டோட வந்துரும். அத்தை மகன் கார் வாங்கி ரெடியா நிக்கிறான்." பேச்சி கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய திரையிலிருந்து ஒரு பெரிய ரோஜாப்பூவை வெட்டி எடுத்து, லாட்ஜ் பேருக்கு மேல் வைத்து மிஷினில் ஓட்டிவிட்டாள். பேர் போயிற்று. இருமலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வளர்மதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, ரேவதி அந்த ரோஜாவைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க. என் கம்பளியில எந்தப் பேரும் இல்ல, ஆனா ரூம் ஜோடி சேந்த மாதிரி இருக்கும்."

நான் விற்ற மருந்து

இருமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். முதலில் கட்டில். வெயில் ஊர்ப் பிள்ளை இல்லையா, காற்று வரட்டும் என்று சன்னலை ஒட்டிப் போட்டிருந்தாள். நகர்த்திப் போடச் சொன்னேன். போகவில்லை. சன்னல் இடுக்கில் பனி வருகிறது என்று கனமான திரை ஒன்றைக் கொடுத்தேன். அது ஒரு லாட்ஜில் புதுத் தம்பதிகள் ரூமில் தொங்கினது, மயில் படம் போட்டது. ரூம் பகலிலும் இருட்டாகிவிட்டது, இருமல் போகவில்லை. தரை சில்லிடுகிறது என்று ஒரு கார்ப்பெட் துண்டைக் கொடுத்தேன். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு நனைந்த நாய் மாதிரி வாடை அடித்தது. "அந்தப் பூண்டே தேவலை" என்று வளர்மதியே அதைத் தூக்கி வெளியே போட்டாளாம். நான் விற்றது அத்தனையும் தோற்றது. பேச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

கார்ப்பெட்டைத் திருப்பிக் கொடுக்க வளர்மதி வந்த அன்றைக்கு விடாத சாரல். பேச்சி அவள் தோளில் கை போட்டு உள்ளே இழுத்தவள், கையை வெடுக்கென்று எடுத்தாள். சட்டை ஈரம். நனைந்துகொண்டு வந்தாயா என்றால் இல்லை, குடையில்தான் வந்தேன் என்கிறாள். துவைத்துப் போட்டது காயவே இல்லையாம். இந்த ஊர்ச் சாரலில் துணி ஒரு வாரம் கொடியில் தொங்கினாலும் பிழிந்தால் சொட்டும். மேல்மலைக்காரர்கள் அடுப்படியில் காய வைத்துக்கொள்வார்கள். ரேவதி வாரம் தவறாமல் துணி மூட்டையோடு பூம்பாறை பஸ் ஏறிவிடுவாள். எங்களுக்குப் பழகினது. ஈரத் துணிதான் இருமலுக்குக் காரணம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. "காயாததை ஏன்டி போடுற?" என்று பேச்சி அதட்டினாள்.

"கொடியில போட்டா காய மாட்டேங்குதுக்கா. என் மேல போட்டாத்தான் காயுது."

ஜிமிக்கி மாட்டின ஃபேன்

அந்த ஃபேனை நான் மறந்தே போயிருந்தேன். அது ரூமில்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே ரேவதி அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, அதன் கம்பிக் கூண்டில் இரண்டு பேர் கம்மலையும் ஜிமிக்கியையும் வரிசையாக மாட்டிவிட்டாள். பக்கவாட்டில் கிளிப்பு, உச்சியில் ஒட்டுப்பொட்டு. ஆணி அடிக்க முடியாத ரூமில் அதைவிட வசதியான நகை ஸ்டாண்டு கிடைக்காது. பக்கத்து ரூம் பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்களாம்.

வளர்மதிக்குச் செய்முறைப் பரீட்சை வந்தது. வெள்ளைக் கோட்டு இல்லாமல் லேபுக்குள் விடமாட்டார்கள். அவளுடையது கொடியில், பூண்டுக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்டத் தொங்குகிறது. பரீட்சை நாள் காலையில் வெள்ளனே எழுந்து அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அழுகை வந்திருக்கிறது. அப்புறம் என்ன தோன்றியதோ, ஜிமிக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, ஃபேனைக் கோட்டுக்கு நேரே திருப்பிச் சுவிட்சைத் தட்டியிருக்கிறாள். தூங்கிக்கொண்டிருந்த ரேவதி, "எவடி குளிருக்குள்ள ஃபேனைப் போட்டது, பைத்தியமா உனக்கு?" என்று கத்திக்கொண்டே எழுந்தவள், கோட்டின் கை அசைவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம். லேபுக்குக் கிளம்புகிற நேரத்தில் கோட்டு காய்ந்திருந்தது.

அதோடு அந்த ரூம் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. வாளியில் துணியை வைத்துக்கொண்டு வராந்தாவில் பிள்ளைகள் வரிசை. பூண்டு ஒரு ஓரம், துணி ஒரு ஓரம். காய்ந்த துணியில் லேசாகப் பூண்டு வாடை அடித்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. வளர்மதியின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. வார்டன் அம்மா காதுக்கு விசயம் போய், மாடிக்கு ஏறி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். அவர் ஃபேனைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஆணி இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தார்.

"ஹீட்டர் கூடாதுன்னுதான் ரூல்ல இருக்கு, கொடைக்கானல்ல ஃபேன் கூடாதுன்னு எழுத யாருக்கும் தோணலை. என் சேலை ஒண்ணு கெடக்கு, எத்தனாவது ஆளா வரட்டும்?"

கயிறு கேட்டு வந்தவர்

இருமல் நின்றதை வளர்மதி அப்பாவிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஃபேனால்தான் நின்றது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. "முதல் நாள் நீங்க எல்லாரும் சிரிச்சதை அவரு இன்னும் மறக்கலைங்க. சொன்னா நானும் கிண்டல் பண்றேன்னு நெனச்சுக்குவாரு" என்று எங்களிடம் சொன்னாள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பிய்த்துக்கொண்டு ஊற்றுகிற நேரத்தில், கொய்யா ஏற்றுகிற வேன் ஒன்று காலியாக வந்து கடை முன்னால் நின்றது. அவர் இறங்கினார்.

"நல்ல கயிறா இருந்தாக் குடுங்க. பிள்ளை சாமானைக் கட்டணும். மழைக்குள்ள மலை இறங்கணும்ல, வெரசா குடுங்க" என்றார். நைலான் சுருள் அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது. நான் எழுந்திருக்கப் போனேன். பேச்சி முந்திக்கொண்டாள். "கயிறு இல்லைங்க" என்றாள். அவர் நிமிர்ந்து சுருளைப் பார்த்தார். "அப்ப இது?" "அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள் பேச்சி, கண்ணைச் சிமிட்டாமல். அவர் திரும்பிப் போய் வேனில் ஏறினார். பேச்சி குடையை எடுத்துக்கொண்டு, "எனக்கும் அங்கதான் சோலி இருக்கு" என்று பின்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. "அவரு மாடி ஏறிட்டாரு" என்றாள். வைத்துவிட்டாள். காலி பண்ண வந்த அப்பாவைத்தான் மாடிக்கு விடுவார்கள் என்று உங்களுக்கே இப்போது தெரியும். எனக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேலே நடந்ததைப் பேச்சி பிறகு சொன்னாள். வராந்தாவில் நின்ற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போயிருக்கிறார். மகள் எழுந்து நிற்கிறாள். ரூமில் மயில் திரை, ரெண்டு கட்டிலிலும் ரோஜாக் கம்பளி, பூண்டுக் கொத்து, நடுவே ஒரு வரிசை துணி ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எதிரே அவர் வாங்கிக் கொடுத்த ஃபேன். மனிதர் அதைப் பார்த்தபடியே நின்றாராம். "இத்தனை பிள்ளைங்க எதுக்கு நிக்குது?" என்று கேட்டிருக்கிறார். ரேவதிதான் வாயைத் திறந்தாள். "உங்க ஃபேனுக்குத்தாங்கப்பா. இந்த ஊர்லயே ஈரம் இல்லாத துணி போடுறது இந்த மாடிதான். வார்டன் அம்மா சேலைகூட வரிசையில கெடக்கு." அவர் கொடிக்குப் பக்கத்தில் போனார். கொடியில் கிடந்த மகளுடைய சுடிதாரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். மழை ஓசையில் ஒரு இருமலுக்காகக் காத்திருக்கிற மாதிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து இறங்கி வந்துவிட்டாராம்.

வேன் திரும்பக் கடைக்கு வந்தது. அவர் நேராக வந்து என் முன்னால் நின்று, "அந்தக் கயித்தைக் குடுங்க" என்றார். நான் அவருக்குப் பின்னால் வந்த பேச்சியைப் பார்த்தேன். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். "அது விக்கிறதுக்கு..." என்று நானும் இழுத்தேன். அவர் சிரித்தார். ஜூன் மாதம் நாங்கள் சிரித்ததற்கு அப்போதுதான் கணக்கு நேரானது போல இருந்தது.

"ஒரு கொடி எப்படிங்க பத்தும்? பாவம், பிள்ளைங்க மழைக்குள்ள வாளியோட நிக்குதுங்க. இன்னைக்கு மேல ஏற விட்டிருக்கப்பவே இன்னொரு கொடி கட்டிட்டுப் போயிர்றேன், இங்க பழைய ஃபேன் எதுவும் கெடந்தா அதையும் எடுங்க."

ஆக, கம்பளியும் திரையும் விற்றே காலம் தள்ளின நான், இப்போது வத்தலக்குண்டுக்கு இறங்கி வேர்க்க வேர்க்கப் பழைய ஃபேன் தேடி வாங்கிவந்து, கடை வாசலில் நடுங்கிக்கொண்டே துடைத்து அடுக்குகிறேன்.